அணிற்படையும் அடங்காப் பசியும்

கேள்வி: என் மகள் படிக்கும் அமெரிக்கப் படக்கதை ஒன்றில், அணில்களோடு பேசத் தெரிந்த பெண் பெரிய பெரிய வில்லன்களைத் தோற்கடிக்கிறாள். பறப்பதையும் மலையைத் தூக்குவதையும் சக்தி என்று ஒப்புக்கொள்ளலாம். இதையும் சக்தி என்று எப்படி ஏற்பது?
– வாசகர், திருச்சி

பதில்: அவள் பெயர் ஸ்குவிரல் கேர்ள். மார்வெல் நிறுவனத்துக்காக வில் முரே எழுதி, ஸ்பைடர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ வரைந்த கதையில், 1991-இல் அறிமுகமானவள். முதல் கதையிலேயே, அயர்ன் மேன் என்ற நாயகனைச் சிறைபிடித்த டாக்டர் டூம் என்ற வில்லனை அணிற்கூட்டத்தை ஏவித் திணறடித்து விடுகிறாள். சிரிப்பதற்காகவே எழுதப்பட்ட கதைதான் என்றாலும், அதன் கணக்கு பிசகவில்லை. டூமின் இரும்புக் கவசமும் ஆயுதங்களும் எதிரே நிற்கும் ஒரு பலசாலியைச் சமாளிப்பதற்காகச் செய்யப்பட்டவை. நாலாபுறமும் மொய்க்கும் சிற்றுயிர்களில் எதை அவன் முதலில் அடிப்பான்?

அணிலின் வல்லமையைக் கதைக்கு வெளியிலும் பார்க்கலாம். 1987 டிசம்பரில், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் கணினி மையத்துக்குச் சென்ற மின்சாரத்தை ஓர் அணில் துண்டித்துவிட்டதால், அங்கே வணிகம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோனது. 1994-இல் இன்னோர் அணில் அதே சந்தையை மீண்டும் நிறுத்திக் காட்டியது. யாரும் ஏவாமலேயே நடந்தது இது. (காரின் வயரை எலி கடித்து மெக்கானிக்கிடம் பணம் அழுதவர்களுக்கு நான் இவ்வளவு விளக்க வேண்டியதில்லை.)

கேள்வி: இதைவிடவும் அசட்டுத்தனமான சக்தி உண்டா?
– வாசகி, கோவை

பதில்: உண்டு, சாப்பிடுவது. 1962-இல் டி.சி. என்ற அமெரிக்க நிறுவனத்தின் படக்கதைகளில் வந்த மேட்டர் ஈட்டர் லேட் என்ற நாயகன் எதை வேண்டுமானாலும் தின்பான். அவனுடைய பிஸ்மால் கிரகத்தில் நுண்ணுயிர்களால் உணவெல்லாம் உண்ணத் தகாததாகிவிட, அங்குள்ளோர் எதையும் செரிக்கும் வயிற்றைப் பெற்றார்கள் என்பது கதை. கேலிக்குரியவனாகத் தோன்றும் இவனை எந்தச் சிறையில் அடைப்பது என்று யோசித்துப் பாருங்கள். சுவர், பூட்டு, கம்பி எல்லாமே இவனுக்கு உணவு. அணிற்பெண்ணைவிட இவனையே நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனென்றால் இவனுடைய சக்திக்கு ஒரு விலையும் இருந்தது: நினைத்ததை நினைத்தபடி நிகழ்த்தும் 'அதிசய இயந்திரம்' ஒன்றை ஒழிக்க வேறு வழியில்லாதபோது, அதையும் தின்று தீர்த்தவன் இவன்தான், தின்ற பிறகு அவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது.