கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனீர்களா?

கேள்வி: கோவையில் பொறியியல் படித்தவன் நான். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆன்லைன் நேர்காணலில் 'ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ் இன் 2021' என்றேன். எதிரில் இருந்தவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். நான் சொன்னதில் என்ன தப்பு?

பதில்: நீங்கள் சொன்னது 'படிப்பை முடித்தேன்'. அவர் காதில் விழுந்தது 'மயங்கி விழுந்தேன்'.

அன்றாட ஆங்கிலத்தில் பாஸ் அவுட் என்றால் நினைவு தப்புவது. வெயிலில் சுருண்டு விழுவது, ரத்தத்தைப் பார்த்ததும் மயங்குவது, அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு மட்டையாவது, அலுப்பில் சோபாவில் சாய்ந்ததுமே அடித்துப்போட்ட மாதிரி தூங்கிப்போவது எல்லாம் இதில் அடங்கும். 'ஃபெயின்ட்' என்ற சொல் மயக்கத்தோடு நின்றுவிடும். குடித்து மட்டையானவருக்கு அது பொருந்தாது.

உங்கள் வாக்கியத்தில் உண்மையான குறும்புக்காரர் 'ஃப்ரம்'. 'பாஸ்ட் அவுட் ஃப்ரம் த ஹீட்' என்றால் வெக்கை தாங்காமல் மயங்கினார் என்று பொருள். அப்படிப் பார்த்தால், கல்லூரி தாங்காமல் மயங்கியிருக்கிறீர்கள்! (பலருக்கு அது பொய்யும் இல்லை.)

ஆனால் இது நாம் கற்பனையாக உண்டாக்கிய வழக்கு அல்ல. ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலம் இன்றும் இப்படித்தான் சொல்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பதும் 'பாஸிங் அவுட் பரேட்'தான். இந்திய ஆங்கிலம் அதைக் கல்லூரி வரைக்கும் இழுத்து வந்துவிட்டது. வேலை விளம்பரங்களிலேயே '2023 பாஸ் அவுட்ஸ்' என்று போடுகிறார்கள். ஆகவே உள்ளூர் நேர்காணலில் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்பவர்களைத் திருத்தவும் கிளம்ப வேண்டாம்.

வெளிநாட்டவரிடம் 'ஐ கிராஜுவேட்டட் இன் 2021' போதும். இதோடு 'ஃப்ரம்' சேர்த்து கல்லூரிப் பெயரைச் சொன்னாலும் வில்லங்கம் இல்லை. டிப்ளமோ என்றால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ'.

இன்னொரு பொருளும் உண்டு: ஆளுக்கொன்றாகக் கொடுப்பது. வினாத்தாள் கட்டைக் காட்டி ஆசிரியர் 'பாஸ் தெம் அவுட்' என்றால் யாரும் மயங்க வேண்டியதில்லை. எதைக் கொடுப்பது என்பது நடுவிலோ பின்னாலோ வந்து உட்காரும். மயக்கத்தில் அப்படி ஒன்று வராது.

ஒன்றே ஒன்று: பதற்றத்தில் 'அவுட்'டுக்குப் பதில் 'அவே' என்று வாய் தவறிவிடாதீர்கள். 2021-லேயே காலமானவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்?