டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்குத் தொடையில் கரும்புண், கால்சிஃபிலாக்ஸிஸ் என்கிறார்கள். பிழைப்பாரா?

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது என் அம்மாவுக்கும் வந்தது. அம்மா மீண்டார். மீளாதவர்களையும் அதே டயாலிசிஸ் அறையில் பார்த்தேன். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஒன்பது மாதம் அம்மாவின் புண்ணுக்குக் கட்டுப் போட்டவன்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. சர்க்கரை உண்டு, டயாலிசிஸ் தொடங்கி ஐந்து வருடம். இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். முதலில் வந்தது வலிதான், புண் பிறகுதான். "கொள்ளிக்கட்டையை வச்சு அழுத்துற மாதிரி இருக்குடா" என்று இரண்டு தொடையையும் பிடித்துக்கொண்டு அழுவார். தோலில் வலை பின்னியதுபோல ஊதாக் கோடுகள், தொட்டால் அடியில் பலகைபோலக் கெட்டி. சேலை உரசினாலே துடித்துப்போவார். அருகிலிருந்த கிளினிக்கில் சர்க்கரைப் புண்ணின் தொடக்கம் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் போய்விட்டது. ஊதா கறுப்பாகி, காய்ந்த தோல்போல இறுகி, ஓரங்கள் விரிசல் விட்டன. அந்த மூன்று வாரம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கிட்னி டாக்டர் பார்த்ததும் முதலில் பாதத்தில் நாடி பிடித்தார். "பாதத்துல நாடி நல்லாவே ஓடுதும்மா. பெரிய குழாய்ல அடைப்பு இல்ல, தோலுக்குப் போற பொடிக் குழாய்லதான் பிரச்சினை" என்றார். அதுதான் இந்த நோய். தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் மிகச் சிறிய தமனிகளின் சுவரில் கால்சியம் படிகிறது. குழாய் குறுகி, உள்ளே ரத்தம் உறைந்து, அந்த இடத்துத் தோல் ரத்தமின்றிச் செத்துப்போகிறது. தொடை, வயிறு, பிட்டம் என்று கொழுப்பு அதிகமுள்ள இடங்களில்தான் பெரும்பாலும் வரும். ரத்தப் பரிசோதனையில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியாக இருந்தாலும் வரலாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல்தான். அதைப் பார்த்து நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

தோலைக் கிள்ளி எடுத்து பயாப்ஸி செய்யச் சொல்லி நான் வற்புறுத்தினேன். டாக்டர் மறுத்தார். கிள்ளிய இடமே ஆறாத புண்ணாகிவிடக்கூடும், பார்த்தாலே தெளிவாகத் தெரியும்போது வேண்டாம் என்றார். உங்களுக்கும் அப்படிச் சொன்னால், தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவர் அடுத்துக் கேட்டது மாத்திரைச் சீட்டு. உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதும் இதுதான்: அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரையையும், மெடிக்கலில் தானாக வாங்கிய கால்சியம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் காக்கும் ஒரு புரதம் நம் உடம்பில் இருக்கிறது. அது வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத்தான் தடுக்கிறது. அம்மாவுக்கு அதை நிறுத்தி, ரத்தம் உறையாமல் காக்கும் வேறு மருந்தான அபிக்ஸபான் கொடுத்தார்கள். பாஸ்பரஸைக் குறைக்கச் சாப்பாட்டோடு போட்ட கால்சியம் மாத்திரைக்குப் பதில், கால்சியம் இல்லாத செவலமர் வந்தது. வைட்டமின் டி நின்றது. ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் மிக அதிகமாக இருந்ததால், அதைக் குறைக்கும் சினகால்செட் மாத்திரை சேர்த்தார்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரினைத் திடீரென விட்டால் பக்கவாதம் வரும் அபாயம் உண்டு.

வாரம் 2 முறையாக இருந்த டயாலிசிஸ் 3 ஆனது. ஒவ்வொரு முறையும் கடைசி ஒரு மணி நேரத்தில் சோடியம் தயோசல்பேட் 25 கிராம் ஏற்றினார்கள். பழைய ஸ்டுடியோக்களில் போட்டோ கழுவ வைத்திருந்த ஹைப்போவும் இதே உப்புதான். எல்லாருக்கும் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாத மருந்து என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அம்மாவுக்கு ஏற்றும்போதெல்லாம் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே படுத்திருப்பார். ஆறாவது வாரம் வலி குறைந்தது. புண் மூட ஒன்பது மாதம் ஆனது.

பிழைப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இது கொடிய நோய்தான். கண்டறிந்த ஓராண்டுக்குள் பாதிப்பேரோ அதற்கு மேலோ இறப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் புண்ணில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலப்பதுதான் காரணம். அம்மாவுக்கு எதிர்க் கட்டிலில் இருந்த ஐயா அப்படித்தான் நான்கே மாதத்தில் போய்ச்சேர்ந்தார். ஆகவே காய்ச்சல், குளிர் நடுக்கம், புண்ணில் நாற்றம் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றிரவே கூட்டிப் போங்கள். சாப்பாட்டில் முட்டை வெள்ளைக்கரு எத்தனை கொடுக்கலாம் என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள். புரதம் குறைந்த உடம்பில் புண் ஆறுவது கடினம்.

வலியை மட்டும் அப்பாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னி செயலிழந்தவர்களுக்கு மார்ஃபினும் பொதுவாக ஒத்துக்கொள்ளாது. அம்மாவுக்குத் தோலில் ஒட்டும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச் ஒட்டினார்கள். கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து கொடுக்கச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டு வாங்குங்கள். இது தெரியாமல் முதல் பத்து நாள் அம்மாவைக் கதற விட்டேன்.