வாசகர் கேள்வி: வாத்தைக் கவ்வி வரும் லாப்ரடோர்

கேள்வி: எங்கள் லாப்ரடோர் நாய்க்கு எட்டு மாதமாகிறது. வயலில் கொக்கைக் கண்டால் கூப்பிடக் கூப்பிட நில்லாமல் ஓடுகிறது. போன கிழமை அயல்வீட்டு வாத்தைக் கவ்வி வந்து முற்றத்தில் விட்டது, வாத்துக்குக் காயமில்லை. பெரியப்பா அதனை நீர்ப்பறவை வேட்டைக்குப் பழக்கலாம் என்கிறார். அம்மா கட்டிப்போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: வாத்து காயமின்றி வந்ததிலிருந்தே உங்கள் நாயின் குணம் தெரிகிறது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரித்தானியக் கெனல் கிளப் 1903 இல் அங்கீகரித்த இந்த இனம், சுடப்பட்டு விழுந்த பறவையைப் பல் பதியாமல் எடுத்து வருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. ஆகவே அதனை அடிக்காதீர்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டி வைத்தால் ஆசை அடங்காது, அவிழ்த்ததும் இன்னும் வேகமாக ஓடும்.

பெரியப்பாவின் யோசனையைக் கைவிட வேண்டும். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நம் நாட்டுக் காட்டுப் பறவைகளில் மிகப் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவை. எனினும், வேட்டை நாய்க்குக் கொடுக்கும் பயிற்சியை உயிருள்ள பறவையே இல்லாமல் முழுமையாகக் கொடுக்கலாம்.

தும்பு திணித்துத் தைத்த சாக்குத்துணி உருளை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். நாயை உட்கார வைத்து, நெஞ்சில் ஒரு கையை வைத்துத் தடுத்தபடி உருளையை எறியுங்கள். அது திமிறுவதை நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே "எடு" என்று அனுப்புங்கள். எடுப்பதை எவரும் கற்பிக்கத் தேவையில்லை, காத்திருப்பதைத்தான் கற்பிக்க வேண்டும் என்பதால், இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. திரும்பி வரும்போது வாயிலிருந்து பிடுங்காமல், ஓர் இறைச்சித் துண்டை நீட்டி "விடு" என்று சொல்லுங்கள். இழுபறி விளையாடினால் மெல்லிய பிடி கெட்டு, அழுத்திக் கடிக்கும் பழக்கம் வந்துவிடும். ஐந்தாறு முறை எறிந்ததும், நாய்க்கு ஆசை மீதமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். கூப்பிட்டால் வரும் பழக்கம் உறுதியாகும் வரை, வயற்பக்கம் போகையில் பத்து மீற்றர் கயிறு கழுத்துப்பட்டியில் இருக்கட்டும்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்னரே பயிற்சியை முடித்துவிடுங்கள். நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிளைப்பதன் மூலமே உடற்சூட்டைத் தணிக்கிறது. தள்ளாடினாலோ நாக்கு கருஞ்சிவப்பாக மாறினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடி கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். கடலில் நீந்திய பின் நல்ல தண்ணீரில் கழுவி, தொங்கும் காதுகளின் உட்புறத்தை ஈரமின்றித் துடையுங்கள். காது நாறினால் அங்கே தொற்று இருக்கக்கூடும். வயலுக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் காதுக்குள்ளும் கால்விரல்களுக்கு இடையிலும் உண்ணி பாருங்கள். விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசியுடன், சேற்று நீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் வைத்தியரிடம் கேட்டு ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளுங்கள்.