மான்ட் பிளாங்க்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

கேள்வி: ஜூலையில் இரண்டு பேர் வழிகாட்டியோடு ஆல்ப்ஸின் மான்ட் பிளாங்க் சிகரம் ஏறப் போகிறோம். டிரெக்கிங்குக்கு வாங்கிய நல்ல பூட்ஸ் கைவசம் இருக்கிறது. பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் பல் சட்டமான கிராம்பான் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பூட்ஸ் முடிவான பிறகுதான் கிராம்பான். டிரெக்கிங் பூட்ஸின் அடி வளையும், கிராம்பானின் இரும்புச் சட்டம் வளையாது. சரிவில் முன்பற்களை ஊன்றி நிற்கும்போது ஒன்று கிராம்பான் கழன்று வரும், அல்லது அதன் முன், பின் பாகங்களை இணைக்கும் நடுப்பட்டை நாளடைவில் முறியும்.

பூட்ஸில் பி1, பி2, பி3 என்றும் கிராம்பானில் சி1, சி2, சி3 என்றும் தரம் உண்டு, எண் கூடக்கூட விறைப்பும் கூடும். பி2-வில் குதிகால் பக்கம் ஒரு விளிம்பு இருக்கும், சி2-வின் பின் கிளிப் அதில்தான் மாட்டும். பி3-க்கு முன்னும் பின்னும் விளிம்பு இருப்பதால் எந்தக் கிராம்பானும் பொருந்தும். கோடையிலும் உச்சியில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம் என்பதால் உள்ளே குளிர்தாங்கும் அடுக்கு வைத்த பி3 கேளுங்கள்.

இந்த ஒரு பயணத்துக்கென்றால் பூட்ஸ், 12 பல் கிராம்பான், ஐஸ் கோடரி, ஹெல்மெட் எல்லாமே மலையடிவார ஊரான ஷமோனியில் வாடகைக்குக் கிடைக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஏறும்போது போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டுமுன் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டிய பிறகு கடையின் சாய்பலகையில் கீழ்நோக்கி நில்லுங்கள். பெருவிரல் முட்டினால் இறங்கும்போது நகம் போய்விடும். கிராம்பானை மாட்டி, பட்டையை இறுக்காமலே பூட்ஸைத் தூக்கி உதறுங்கள். விழுந்தால் அளவு சரியில்லை. கிராம்பானின் அடியில் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் மதியத்து ஈரப்பனி உருண்டை பிடித்து, பல் தரையில் படாமல் வழுக்கும்.

சொந்தமாக வாங்க வேண்டியவை சாக்ஸ், இரண்டு ஜோடி கையுறை, கேட்டகரி 4 கண்ணாடி (பனியின் கூசும் ஒளிக்கான மிகக் கருமையான வெயில் கண்ணாடி), வழியில் தங்கும் மலைக்குடிலில் படுக்கத் துணி உறை. அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை எந்தப் பெட்டியிலும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

கேள்வி: விமான டிக்கெட்டை இப்போதே போடலாமா? ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் காப்பீடு போதுமா?

பதில்: முதலில் குடில். மான்ட் பிளாங்கின் வழக்கமான ஏறுவழியான கூத்தே பாதையில் முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது, இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி உறுதியான பிறகு, மாற்றக்கூடிய டிக்கெட்டாக, வானிலைக்கு இரண்டு நாள் உபரி வைத்துப் போடுங்கள். 2022 ஜூலையில் வெப்பத்தில் பாறைகள் தொடர்ந்து உருண்டதால் அந்தப் பாதையில் ஆட்களை அழைத்துப் போவதையே ஷமோனி வழிகாட்டிகள் நிறுத்தி வைத்தார்கள். முன்னதாக இத்தாலியின் 4,061 மீட்டர் கிரான் பாரடிசோ சிகரம் ஏறி உயரத்துக்குப் பழகவும் நாள் வேண்டும்.

விசாவுக்குக் கேட்பது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு. அத்தகைய பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் ‘கயிறு பயன்படுத்தும் மலையேற்றம்’ பெரும்பாலும் இருக்கும், அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள். பிரான்சில் மலை மீட்பு பொதுவாக இலவசம். சுவிட்சர்லாந்துப் பக்கம் ஹெலிகாப்டர் வந்தால் பில் உங்கள் பெயருக்கு வரும்.