ராத்திரிக்கு நாயை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொன்னால்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மூன்று மாத லாப்ரடார் குட்டிக்குப் பார்வோ (வாந்தியும் பேதியுமாக வரும் வைரஸ் நோய்). சத்துவாச்சாரியில் ஒரு தனியார் கிளினிக்கில் பகல் முழுக்க டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரவு எட்டரைக்குக் கடை கட்டிவிடுவதால், அவர்களே பேசி வைத்திருந்த காட்பாடிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ராத்திரி அனுப்பிக் காலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிளினிக்கில் வேலை செய்யும் பையன் அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் எடுத்துப் போவான். இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தபோது காலில் குத்தியிருந்த வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) கழன்று கிடந்ததாம். மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது. இரண்டு இடத்திலும் தனித்தனி பில், வண்டிக்குத் தடவைக்கு 500 ரூபாய். 'எங்களிடம் இருந்தவரை நல்லாத்தான் இருந்தது' என்று இருவரும் கையை விரிக்கிறார்கள். வழக்குப் போடலாமா? (வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்: மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அம்மா. முதலில் கசப்பான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிக்குப் பார்வோ வந்தால், நன்றாகப் பார்த்தாலும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. குட்டி இறந்ததை மட்டும் வைத்துச் சேவைக் குறைபாடு என்று எந்த நுகர்வோர் ஆணையமும் தீர்ப்புச் சொல்லாது. உங்கள் வழக்கின் உயிர் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருக்கும் அந்த ரோட்டில்தான் இருக்கிறது.

வண்டியைப் பேசியது யார், காசு வாங்கியது யார் என்று பாருங்கள். கிளினிக்கே ஏற்பாடு செய்து, அவர்கள் ஆள் எடுத்துப்போய், அவர்கள் பில்லிலேயே 500 ரூபாய் ஏறியிருந்தால் அந்தப் பயணமும் அவர்கள் விற்ற சேவைதான். 'ஆட்டோவில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்வது' என்று நழுவ முடியாது. நீங்களே உங்கள் வண்டியில் கொண்டுபோயிருந்தால் கதை வேறு.

அடுத்தது, இரண்டு இடத்துக் கேஸ் ஷீட்டின் நகலையும் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். முதல் இடத்தில் எத்தனை மணிக்குக் கிளப்பினார்கள், அப்போது ஜுரம் எவ்வளவு, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டது, டிரிப்ஸ் எவ்வளவு மீதி என்று இருக்க வேண்டும். இரண்டாவது இடத்தில் வந்து சேர்ந்த நேரமும், வந்தபோது இருந்த நிலையும், வென்ஃப்ளான் கழன்றிருந்ததும், மறுபடி எப்போது ஊசி குத்தினார்கள் என்பதும் இருக்க வேண்டும். வாந்தியிலும் பேதியிலும் நீர் வற்றிய குட்டிக்கு டிரிப்ஸ் நின்றுபோன நேரம் அரை மணியா, நாலு மணியா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வாய்ச்சொல்லாகவே ஒப்படைத்தோம், ஏடே இல்லை என்றார்கள் என்றால் அதுவே உங்களுக்குச் சாதகம்.

பில்லையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கால்நடை கிளினிக் தரும் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் செல்லப்பிராணியைத் தங்கவைக்கும் 'போர்டிங்'குக்கு அந்த விலக்கு இல்லை. ராத்திரிக் கட்டணத்தைப் 'போர்டிங்' என்று எழுதி வரியும் போட்டிருந்தால், சிகிச்சை தருவதாகச் சொல்லி வாங்கிவிட்டு, கூண்டுக்கு வாடகை வசூலித்திருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு இடம் கிடைக்கிறது. (மருந்தைத் தனியாக விற்றால் அதற்கு வரி உண்டு. அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு கொடுத்துப் பெற்ற கால்நடை மருத்துவமும் சேவைதான். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்துவிட்டு இருவருக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வண்டிச் செலவும் அந்த ராத்திரிக்கான பில்லும் திரும்பிவர நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. குட்டியின் சாவுக்கே நஷ்டஈடு என்றால், டிரிப்ஸ் நின்றதால்தான் செத்தது என்று இன்னொரு கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். அது லேசில் கிடைக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. சந்தேகம் இருந்தால் புதைப்பதற்கு முன்பே பிரேதப் பரிசோதனை கேளுங்கள். வேலூர் வெயிலில் உடல் சில மணி நேரம்கூடத் தாங்காது. ஐஸைச் சுற்றிலும் வைத்து உடனே கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால் திசு கெட்டுவிடும்.

அந்த ஆட்டோவையும் சொல்ல வேண்டும். பார்வோ கிருமி பட்ட இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீரில் சாகாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைக்க வேண்டும். நாளைக்கு அதே சீட்டில் வேறொருவர் வீட்டுக் குட்டி உட்காரும்.

கேள்வி: பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. டாக்டர் குழாய் போட்டுவிட்டு, ராத்திரிக்கு வேறு ஆஸ்பத்திரியில் வையுங்கள் என்கிறார். அங்கே '24 மணி நேரம்' என்று போர்டு இருக்கிறது. நம்பிக் கொடுக்கலாமா? (கொசப்பேட்டை வாசகர்)

பதில்: மனுஷனுக்கு உடம்புக்கு வந்தால் நாடு முழுக்க ரயிலேறி வந்து இறங்குகிற ஊர் இது. அதே ஊரில் பூனைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட போர்டை நம்பாதீர்கள்.

போனிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ராத்திரி ரெண்டு மணிக்கு என் பூனை பக்கத்தில் யார் முழிச்சிருப்பாங்க?' டாக்டரே இருக்கிறாரா, கூப்பிட்டால் வீட்டிலிருந்து வருவாரா, பயிற்சி பெற்ற உதவியாளரா, வாட்ச்மேனா? நான்குமே '24 மணி நேரம்'தான், ஆனால் நான்கும் ஒன்றல்ல. டாக்டர் வீட்டிலிருந்து வருவார் என்றாலும் தப்பில்லை. அதை முன்கூட்டியே சொல்லி, கட்டணத்தையும் அதற்கேற்றபடி வாங்க வேண்டும். வாட்ச்மேன்தான் என்றால் பூனையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் முழித்திருப்பது மேல். என்ன பார்க்க வேண்டும், எது நடந்தால் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பூனைக்கு இதில் விஷயம் இருக்கிறது. அடைப்பு எடுத்த பிறகும் குழாய் மறுபடி அடைக்கலாம். பொட்டாசியம் ஏறியிருந்தால் இதயம் தடுமாறும். மூத்திரம் எவ்வளவு வருகிறது என்று ராத்திரியில் யாராவது அளந்து எழுத வேண்டும். 'மணிக்கணக்கு எழுதுவீர்களா, காலையில் அந்தத் தாளைக் காட்டுவீர்களா' என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முதல் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைத் தாளும் எக்ஸ்ரேயும் உங்கள் கையில் இருந்தால், அதையே மறுபடி எடுத்துக் காசு பார்க்கும் வேலை நடக்காது. சில பரிசோதனைகளைத் திரும்பச் செய்யக் காரணம் இருக்கும். பொட்டாசியம் அப்படி ஒன்று. காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், போதும். பாதி ராத்திரியில் நிலைமை மோசமானால் எத்தனை ரூபாய் வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கொண்டுபோகும்போது துணிப்பை வேண்டாம், மூடி போட்ட கூடை வேண்டும். மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள், ஆனால் காற்று போகட்டும். டிரிப்ஸோடு போவதானால் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தால் குழாயில் ரத்தம் ஏறி அடைத்துவிடும். ஆகையால் பெரும்பாலும் டிரிப்ஸை நிறுத்தி, வென்ஃப்ளானை மூடிக் கட்டுப்போட்டு அனுப்பச் சொல்வதே நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை ஆக்ஸிஜன் இல்லாமல் எங்கேயும் கொண்டுபோகச் சம்மதிக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பூனைக்கு அது விஷம்.

கேள்வி: ராத்திரியே சென்னைக்கு, வேப்பேரிக்குக் கொண்டுபோகலாமா? ராணிப்பேட்டையிலேயே பெரிய கால்நடை நிறுவனம் இருக்கிறதே, அது பக்கம்தானே? (வாலாஜா வாசகர்)

பதில்: ராணிப்பேட்டையில் 1932 முதல் இருப்பது கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம். ராத்திரியில் நோயாளியைச் சேர்க்கும் ஆஸ்பத்திரி அல்ல. வேப்பேரியில் இருப்பது 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. வேலூரிலிருந்து 140 கிலோமீட்டர் பக்கம், வாலாஜாவிலிருந்து கொஞ்சம் குறையும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கிளம்பும் முன் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளூர் டாக்டர் நிலைப்படுத்தி, கடிதம் கொடுத்து அனுப்பினால் போகலாம். வயிறு உப்பி வாந்தி வராமல் ஓங்கரிக்கும் பெரிய நாயும், பாம்பு கடித்த நாயும் முதலில் இங்கேயே சிகிச்சை பெற வேண்டும். வாடகைக் கார் என்றால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பார்த்து, போகவர டோல், வெயிட்டிங், ராத்திரிப் படி எல்லாம் சேர்த்துப் பேசி முடியுங்கள். வாய்க்கட்டு கையில் இருக்கட்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் மட்டும் கட்ட வேண்டாம்.

கேள்வி: கன்று போட்ட மாடு எழுந்திருக்கவில்லை. குட்டியானையில் (சின்னச் சரக்கு வண்டி) ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். 2,500 ரூபாய் வாடகை கேட்கிறார்கள். (குடியாத்தம் அருகே, விவசாயி)

பதில்: ஏற்றாதீர்கள். எழ முடியாத மாட்டைக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினால் தொடைச் சதையும் நரம்பும் கெட்டு, பிறகு எழவே முடியாமல் போகலாம். கன்று போட்ட ஓரிரு நாளில் மாடு படுத்துவிட்டால் கால்சியம் இறங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். டாக்டர் வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும் மாடுகள் ஏராளம். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு இப்போதே போன் செய்யுங்கள், காசு கிடையாது. ராத்திரி வண்டி வராது என்றால் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தக டாக்டரைப் பிடியுங்கள். அதுவரை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டை அண்டைகொடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.