சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவாள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகனுக்கு இருபது வயது. பன்னிரண்டாவதில் கணக்கும் இயற்பியலும் எடுத்துப் படித்தான். பைலட் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பயிற்சிக்கு எல்லாம் சேர்த்து 45 லட்சம் என்கிறார் ஏஜென்ட். ஓசூரில் ஏர்போர்ட் வரப்போகிறது, பக்கத்திலேயே வேலை கிடைக்கும் என்கிறார். மாமனார் வழியில் வந்த மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூரா மாங்காய்க்கு விலையும் இல்லை, புரோக்கர் அட்வான்ஸோடு நிற்கிறார். பெரியவளைப் பற்றிப் பிரச்சினை இல்லை. ஓசூரில் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்புகிறாள், சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். தோப்பை விற்பதா, பேங்கில் லோன் போடுவதா?

பதில்: அம்மா, தோப்பா லோனா என்பது இருக்கட்டும். பெரியவளைப் பற்றிப் பிரச்சினை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அவள் சொன்னாளா? இல்லை, நீங்களே முடிவு செய்துகொண்டீர்களா? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகனுடைய வயது, படிப்பு, பிடிவாதம் எல்லாம் இருக்கிறது. மகளுக்கு என்ன வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, எதுவும் இல்லை. அவள் அனுப்பும் பணமும் அவள் போடப்போகும் கையெழுத்தும் மட்டும்தான் இருக்கின்றன.

பத்திரப்பதிவு ஆபீஸில் அவள் கையெழுத்தை எதற்குக் கேட்கிறார்கள்? அந்தத் தோப்பு அவளுடையதும் என்பதால். தமிழ்நாட்டில் 1989-லேயே, நாடு முழுக்க 2005-ல், பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்புரிமை என்று சட்டம் வந்துவிட்டது. அந்த மண்ணில் மகனுக்கு எவ்வளவோ, அவளுக்கும் அவ்வளவு. விற்பனைப் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, அதில் அவள் எழுதிக் கொடுப்பது தன் பங்கை. நீங்கள் அதை ஏதோ சாட்சிக் கையெழுத்து மாதிரி எழுதுகிறீர்கள்.

லோன் என்றாலும் இதே கதைதான். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பேங்கில் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். ஈடு வைக்க உங்களிடம் வேறென்ன இருக்கிறது? அதே தோப்பு, அதே பெண்ணின் கையெழுத்து.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தச் செலவு 45 லட்சத்தோடு நிற்காது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமான வாடகையாக மணிக்கு 15,000 ரூபாய் என்று ஒரு பயிற்சிப் பள்ளி வாங்கினால் பறப்பதற்கு மட்டுமே 30 லட்சம். செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். அது பங்கில் கிடைக்கும் பெட்ரோல் இல்லை, பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கென்றே வருவது. ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் ஓடியதும் விமானத்தை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். இரண்டாயிரம் மணி நேரத்தை ஒட்டி இன்ஜினையே பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் வாடகைக்குள்தான் வருகிறது. பறந்த நேரம் என்று கணக்கெழுதுவதும் தரையிலேயே ஆரம்பித்துவிடும். விமானம் புறப்பட நகர்ந்த நிமிடத்திலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு முன்னால் பத்து நிமிடம் காத்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் காசு. மழைக்காலத்தில் பறக்க முடியாது, விமானம் பழுதானால் பறக்க முடியாது. அந்த நாட்களிலும் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்டியாக வேண்டும்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஏ320 போன்ற பெரிய பயணிகள் விமானத்தை ஓட்ட, அந்த ரகத்துக்கென்றே தனியாக டைப் ரேட்டிங் என்ற தகுதி வாங்க வேண்டும், அதற்கே பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். ஏஜென்ட் சொன்ன 'எல்லாம் சேர்த்து' என்பதில் இது இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறமும் வேலை உடனே வராது. 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட் என்று விமான கம்பெனிகள் நின்றுபோனபோது அனுபவப்பட்ட பைலட்டுகளே வேலை தேடி அலைந்தார்கள். வேலை வரும் வரை ஆண்டுக்கொரு முறை மெடிக்கல் என்ற உடல் தகுதிப் பரிசோதனை, ஆண்டுக்கொரு முறை கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் தேர்வு. கை பழக்கம் போகாமலிருக்க மறுபடி மணிக்கணக்கில் விமானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். அன்றைக்குத் தோப்பு இருக்காது. ஓசூர் ஷிப்ட் சம்பளம்தான் இருக்கும். அதையும் நீங்கள் 'சொன்னால் கொடுத்துவிடுவாள்' என்றுதான் சொல்வீர்கள்.

ஓசூர் ஏர்போர்ட்டுக்கு 2024-ல் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது உண்மை. ஊரில் விமான நிலையம் வந்தால் ஊர்ப் பையனுக்குப் பைலட் வேலை என்பது ஏஜென்ட் பேச்சு.

பையனின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் விமானம் ஓட்ட வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஆசைப்பட்டவன் எதையாவது செய்து காட்டட்டும். பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டுமுன் பைலட்டுகளுக்கான இரண்டாம் வகுப்பு மெடிக்கல், அடுத்து முதல் வகுப்பு மெடிக்கல் இரண்டையும் முடிக்கட்டும். நிறப்பார்வையில் குறை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். நேவிகேஷன், வானிலை, விமான விதிகள் என்று, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ வைக்கும் தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே படித்துவிட்டுப் போய் எழுதலாம், அதற்கு மூன்று ஏக்கர் தேவையில்லை. அவற்றில் தேறி வரட்டும், பிறகு பணத்தைப் பேசலாம்.

அக்கா தம்பிக்காக விட்டுக்கொடுப்பது நம் வீடுகளில் நடப்பதுதான், தவறென்று சொல்ல மாட்டேன். கேட்டுப் பெற வேண்டும் என்கிறேன். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைத்துவிட்டு, சுண்ணாம்பு வைத்த கண் வலிக்காது என்று தாயே சொல்லக் கூடாது. இருபது வயதுப் பிள்ளைக்காக நீங்கள் ஏன் பேசுகிறீர்கள்? அவளுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து அவனே ஓசூருக்குப் பஸ் ஏறிப் போகட்டும். டைப் ரேட்டிங்கும் வேலையில்லாத மாதங்களும் சேர்ந்த முழுக் கணக்கை ஒரு தாளில் எழுதி அக்கா கையில் கொடுத்துக் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள். நீங்கள் அழுதால் அவளால் மறுக்க முடியாது.

அவள் சரி என்றால், அவள் பங்குக்கு என்ன, எப்போது திரும்பி வரும் என்று தம்பி அவளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்றால், பாகப்பிரிவினை செய்து அவள் பங்கை அவள் பேருக்கே எழுதிவையுங்கள். மிச்சத்தை வைத்து முடிகிறதா என்று நீங்களும் மகனும் பாருங்கள். அதுவரை புரோக்கரிடம் அட்வான்ஸில் ஒரு பைசாகூட வாங்காதீர்கள்.