இலையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளில் வரும் பூச்சித் தொல்லை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, என் ஹோயா கொடியில் கணுவுக்குக் கணு வெள்ளைப் பஞ்சு. வேப்பெண்ணெய் தெளித்தேன், மறைந்தது. பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய் கலப்படமாக இருக்குமோ?

பதில்: எண்ணெய் மேல் பழி போடாதீர்கள், அம்மா. அது மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சு மெழுகால் ஆனது. அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். நீங்கள் தெளித்தது தாய்ப்பூச்சியைக் கொன்றது, முட்டைகளைத் தொடவில்லை.

மருந்துக் கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்குங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து ஒவ்வொரு திட்டாகத் தொடுங்கள். வெள்ளை மாவு கரைந்து, உள்ளிருக்கும் உடல் நிறம் மாறித் தெரியும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை விட்டுவிடாதீர்கள். அவை ஒளிவது அங்கேதான். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முதலில் 2 மி.லி. திரவ சோப்பு, அடுத்து 5 மி.லி. வேப்பெண்ணெய் விட்டு, பால்போல வெளுக்கும்வரை குலுக்கி, மாலையில் தெளியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று முறை. நான் பார்த்தவரை, இரண்டாம் முறையோடு நிறுத்தியவர்கள்தான் திரும்பவும் எழுதுகிறார்கள்.

தொட்டியில் எறும்பு ஊர்கிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். தட்டில் நீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வையுங்கள். எறும்பின் வழி அடைபடும்.

கேள்வி: கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் செடிக்கும் அடிக்கலாமா?

பதில்: கூடாது. அதிலுள்ள கரைப்பான் இலையைக் கருக்கிவிடும்.

கேள்வி: மணி பிளான்ட் தொட்டியிலிருந்து கொசு போலச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பி முகத்தில் மொய்க்கின்றன. மண்ணில் வேப்பம் புண்ணாக்கு போட்டும் குறையவில்லை.

பதில்: குறையாது, கூடவே செய்யும். இந்த ஈயின் புழுக்கள் ஈர மண்ணில் பூஞ்சையையும் மட்கும் பொருளையும் தின்று வளர்பவை. நனைந்த புண்ணாக்கு அவற்றுக்கு விருந்து. சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாகப் புழுக்கள் நெளியும்.

காரணம் நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான். அடுத்த முறை விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி போதும். புழுக்களுக்குப் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா மருந்தை நீரில் கலந்து ஊற்றலாம். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, கொசுப்புழு ஒழிப்புக்குப் பயன்படுகிறதே, அதுவேதான். முட்டை ஈயாக மாற மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும்.

கேள்வி: ஏ.சி. அறையில் இருக்கும் குரோட்டன்ஸ் இலை சாம்பல் பூத்தாற்போல் வெளிறி உதிர்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

பதில்: வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். எட்டுக்கால் பிராணி, பூச்சி இனமே இல்லை. அதனால்தான் சாதாரணப் பூச்சிமருந்துக்கு அது பெரும்பாலும் மசிவதில்லை. வறண்ட, சூடான காற்றில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும்.

செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், மண்ணைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, இலைகளின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி நீரைப் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறையாக இரண்டு வாரம். முதல் கேள்விக்குச் சொன்ன சோப்பு-வேப்பெண்ணெய்க் கரைசலும் உதவும். ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்த பிறகே செடி முழுவதும் தெளியுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்தும் மாவுப்பூச்சி போகவில்லை. அம்மா வைத்த மணி பிளான்ட் இது, தூக்கிப் போட மனமில்லை.

பதில்: போட வேண்டாம். பூச்சி ஏறாத கொழுந்துத் தண்டாகப் பார்த்து, இரண்டு கணு இருக்கும்படி நறுக்குங்கள். சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, கண்ணாடிப் புட்டியில் வேறு அறையில் வையுங்கள். வேர் விட்டு, மூன்று வாரமும் இலை சுத்தமாக இருந்தால் புது மண்ணில் நடலாம். பழைய மண்ணைச் சேர்க்காதீர்கள். வேரிலும் மாவுப்பூச்சி தங்கும்.